கலப்பு ஊடகத்தில் அசையாப் பொருள் ஓவியம்: வீட்டில் வரைய முழுமையான வழிகாட்டி

நீர்வர்ணம், மை, பஸ்டல் என்று பல ஊடகங்களை ஒரே தாளில் சேர்க்கும் கலப்பு ஊடக ஓவியங்களில் பெரும்பாலானவை வரிசை பிழைப்பதால்தான் கெட்டுப்போகின்றன. நன்றாக வரையத் தெரிந்தவர்களும் எண்ணெய்ப் பஸ்டலை (எண்ணெய்ப்பிசுக்குள்ள வர்ணக்குச்சியை) ஆசையோடு முதலில் தேய்த்துவிட்டு, அதன்மேல் நீர்வர்ணம் ஒட்டாமல் உருண்டு ஓடுவதைக் கண்டு திகைக்கிறார்கள். வேறு சிலர் கையில் உள்ள எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் பூசிவிடுகிறார்கள். அப்போது எந்தப் பொருளும் தன் தன்மையோடு தெரிவதில்லை.

எந்தப் பொருளுக்கு எந்த ஊடகம், எதற்குப் பின் எது என்ற இரண்டையும் தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கீழேயுள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. ஏ3 அளவுத் தாளில் (29.7 × 42 சென்ரிமீற்றர்) ஒரு மூக்குப்பேணி (மூக்கு வைத்த பித்தளைக் குவளை), ஒரு மாம்பழம், ஒரு பனையோலைப் பெட்டி ஆகியவற்றை வரைவதாக வைத்துக்கொள்வோம். ஒரே இருப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு காலைப்பொழுதுகளாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு அடுக்கும் முழுதாகக் காய நேரம் கிடைக்கும்.

1. பொருட்களைத் தெரிதல்

மூன்று பொருள் போதும். ஆனால் மூன்றின் மேற்பரப்பும் வேறுபட வேண்டும். பித்தளை மூக்குப்பேணி ஒளியைத் திருப்பி அடிக்கும். மாம்பழத்தோல் ஒளியை மெதுவாக உள்வாங்கும். ஓலைப்பெட்டியில் பின்னலின் கோடுகள் ஒளியைத் துண்டு துண்டாக உடைக்கும். இப்படி வேறுபாடு இருந்தால்தான் பல ஊடகங்களைச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கும். மூன்று வழுவழுப்பான கண்ணாடிக் குவளைகளை வைத்துக் கலப்பு ஊடகம் பழகுவது வீண் சிரமம்.

பேணியைப் பழப்புளி போட்டு மினுக்குவதா, கறுத்தபடியே விடுவதா என்பதைத் தொடங்குமுன் முடிவு செய்யுங்கள். வீட்டில் யாராவது இடையில் எடுத்து மினுக்கிவிட்டால் நிறமும் பிரதிபலிப்பும் முழுதாக மாறிவிடும். என் கருத்தில் பாதி கறுத்த பேணியே வரைய நல்லது. மினுக்கிய பேணியில் அறை முழுவதும் தெரியும்; புதியவருக்கு அது தாங்காது.

மாம்பழம் கருத்தக்கொழும்பானாக இருந்தால் மஞ்சளும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கரைவதைப் பழக நல்ல வாய்ப்பு. அரைப்பழமாக வாங்குங்கள். கனிந்த பழம் இரண்டு நாளில் சுருங்கத் தொடங்கும். இரவில் பழத்தை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே வையுங்கள், எறும்பு வராது. பழம் இல்லாத காலத்தில் தேசிக்காயோ கத்தரிக்காயோ போதும். செவ்வரத்தம்பூவை மட்டும் முதல் ஓவியத்தில் சேர்க்க வேண்டாம். நீங்கள் பென்சில் கோடு முடிப்பதற்குள் அது வாடிவிடும்.

2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் தாள். 300 கிராம் (சதுர மீற்றருக்கு) நீர்வர்ணத் தாளை, சொரசொரப்பு நடுத்தரமாக உள்ளதாக வாங்குங்கள். பிரிஸ்டல் போர்ட் மலிவானது, எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இரண்டாவது முறை நீர் பட்டதும் அதன் மேற்பரப்பு உரிந்து திரி திரியாக எழும்பும். அதற்குமேல் எந்த நல்ல வர்ணமும் உதவாது. சித்திரக் கொப்பியின் மெல்லிய தாளும் அப்படித்தான். பணம் குறைவென்றால் பெரிய தாள் ஒன்றை வாங்கி நான்காக வெட்டிச் சிறிதாக வரையுங்கள். தாளின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

வர்ணங்களில் மாணவர் தரமே போதும். நீர்வர்ணத்தில் எலுமிச்சை மஞ்சள், மஞ்சட் காவி, சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், சுட்ட சியன்னா (செம்பழுப்பு) ஆகிய ஐந்தும், போஸ்டர் வர்ணத்தில் வெள்ளை ஒன்றும் தேவை. நீர்வர்ணக் கறுப்பை வாங்க வேண்டாம். அல்ட்ராமரீனும் சுட்ட சியன்னாவும் சேர்ந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும், செறிவாகக் கலந்தால் கறுப்புக்கு மிக அருகே போகும்.

இவற்றோடு எண்ணெய்ப் பஸ்டல் பெட்டி ஒன்று, கரிக்கோல் ஒன்று, நீரில் கரையாத இந்தியன் மை, வெள்ளை மெழுகுதிரி, வெள்ளைப் பசை, பழைய பத்திரிகை, எச்பி பென்சில், மென்மையான அழிறப்பர், மாஸ்கிங் ரேப், தாளைவிடப் பெரிய ஒரு பலகை ஆகியவை வேண்டும். தூரிகை இரண்டு போதும்: அகலத் தட்டை ஒன்று, நுனி கூரான வட்டம் ஒன்று. தென்னோலை ஈர்க்குகள் சிலவும் எடுத்துவையுங்கள். அவற்றின் வேலை 9ஆம் படியில் வரும்.

மை வாங்கும்போது கவனம். ஊற்றுப்பேனை மை பெரும்பாலும் நீரில் கரையும். ஒரு துண்டுத் தாளில் கோடு இழுத்து, முழுதாகக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். கலங்கினால் அந்த மை இந்த வேலைக்கு ஆகாது.

தண்ணீரையும் ஒரு பொருளாகவே எண்ணுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல் என்பதால் கிணற்று நீர் வன்னீராக இருக்கும். கரையோர ஊர்களில் உவரும் சேர்ந்துவிடும். அந்த நீரில் கரைத்த வர்ணம் காயும்போது வெண்படலம் விடலாம், மெல்லிய பூச்சில் திட்டுத் திட்டாகத் தேங்கலாம். உவர் இல்லாத வன்னீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வடித்து எடுங்கள். மழைக்காலத்தில் பிடித்துவைத்த மழைநீர் அதைவிட நல்லது. இரண்டு போத்தல் வேண்டும்: ஒன்று தூரிகை கழுவ, மற்றது வர்ணம் கரைக்க.

3. இடமும் வெளிச்சமும்

ஓவிய நூல்களில் பல வடக்கு யன்னல் அருகே வரையச் சொல்கின்றன. ஐரோப்பாவில் அது சரி. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கில் நிற்கும், வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் மாறாது. யாழ்ப்பாணமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நமக்கு உச்சிச் சூரியன் வடக்கில் நிற்கும். மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்ரெம்பர் பிற்பகுதி வரை காலை வெயிலும் மாலை வெயிலும் வடக்கு யன்னலுக்குள் சரிந்து நுழையும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலை நம்பினால் நிழல் உங்கள் கண்முன்னே நகர்ந்துகொண்டே போகும்.

ஆகவே மாதத்தைப் பார்த்து யன்னலைத் தெரியுங்கள். ஒக்ரோபரிலிருந்து பெப்ரவரி வரை வடக்கு யன்னல் நல்லது. வெயில் வடக்கே போன மாதங்களில் தெற்கு யன்னல் அல்லது ஆழமான விறாந்தை உள்ள பக்கம் நல்லது. வேறு வழியில்லை என்றால் யன்னலுக்கு மெல்லிய வெள்ளைச் சீலையைக் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டும் வரையுங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். யன்னல் வெளிச்சத்தோடு அறை விளக்கையும் போட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் விழும், இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். புதியவர்கள் இரண்டையும் வரைந்துவிடுவார்கள். அப்புறம் பொருட்கள் மேசையில் அமராமல் மிதப்பது ஏன் என்று அவர்களுக்கே விளங்காது.

பொருட்களை வைத்த பின் ஒவ்வொன்றின் அடியிலும் வெண்கட்டியால் கோடு போடுங்கள். உங்கள் கதிரைக் கால்களுக்கும் நிலத்தில் அடையாளம் வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுங்கள். அருகில் பிடித்து எடுத்தால் பேணியின் மூக்கு மிகப் பெரிதாகத் தெரியும். நான்கைந்து அடி பின்னே போய், பெரிதாக்கி எடுக்க வேண்டும். அந்தப் படம் நினைவுக்கு மட்டுமே. அதைப் பார்த்து வரையத் தொடங்கினால் நிழலுக்குள் இருக்கும் நிறங்களை இழந்துவிடுவீர்கள்.

4. பொருட்களை அடுக்குதல்

உயரமானதை நடுவில் வைக்காதீர்கள். பேணி சற்று இடப்பக்கம், பெட்டி அதற்குப் பின்னால் பாதி மறைந்து, மாம்பழம் முன்னே வலப்பக்கம் என்று வைத்துப் பாருங்கள். ஒன்றை ஒன்று மறைத்தால்தான் ஆழம் தெரியும். தொட்டும் தொடாமலும் விளிம்புகள் முட்டி நிற்பது மோசமான நிலை. எது முன்னே, எது பின்னே என்று கண் தடுமாறும். நன்றாக மறைய விடுங்கள், அல்லது தெளிவாகப் பிரித்துவிடுங்கள்.

பேணியின் மூக்கு படத்துக்குள் நோக்கித் திரும்பியிருக்கட்டும். வெளியே பார்த்தால் பார்ப்பவரின் கண்ணும் அதோடு வெளியே போய்விடும்.

5. சிறு மாதிரிகளும் பரிசோதனைத் துண்டும்

தீப்பெட்டி அளவில் நான்கு சிறு கட்டங்கள் வரைந்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, வெளிச்சம், இடைநிலை, இருள் என்று மூன்று தொனி மட்டும் நிரப்புங்கள். மூன்று தொனியில் நன்றாக இருக்கும் அமைப்பு எந்த ஊடகத்திலும் தாங்கும். மூன்றில் குழம்பினால் முப்பது நிறம் போட்டாலும் தெளியாது. பத்து நிமிட வேலை இது. பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

அடுத்தது இன்னும் முக்கியம். நீங்கள் வரையப்போகும் அதே தாளிலிருந்து ஒரு துண்டை வெட்டுங்கள். மெழுகு, நீர்வர்ணம், மை, போஸ்டர் வர்ணம், கரி, எண்ணெய்ப் பஸ்டல் ஆகியவற்றை ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலக் குத்துக்கோடாக இழுத்துக் காயவிடுங்கள். பின்பு அதே ஆறையும் குறுக்குக் கோடுகளாக அவற்றின்மேல் இழுங்கள். எது எதன்மேல் பிடிக்கிறது, எது வழுக்குகிறது, எது கலங்குகிறது என்பது முப்பத்தாறு சிறு கட்டங்களில் கண்முன்னே இருக்கும். உங்கள் கையில் உள்ள தாளுக்கும் வர்ணத்துக்கும் உரிய விடை இந்தத் துண்டில்தான் கிடைக்கும். வேலை முடியும்வரை பலகையின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள்.

இனி ஊடகங்களைப் பங்கிடுங்கள். இந்தப் பொருட்கூட்டத்துக்கு என் பங்கீடு இது: பின்னணிச் சுவருக்குப் பத்திரிகை ஒட்டும் அதன்மேல் மெல்லிய நீர்வர்ணமும், பெட்டிக்கு மெழுகும் மையும், மாம்பழத்துக்கு நீர்வர்ணமும் மேலே சிறிது எண்ணெய்ப் பஸ்டலும், பேணிக்கு நீர்வர்ணமும் மையும், ஒளிப்புள்ளிக்கு வெள்ளைப் பஸ்டலும், மேசையில் விழும் நிழலுக்குக் கரி. நீர்வர்ணத்தைத் தவிர ஒரு பொருளுக்கு இரண்டு ஊடகத்துக்குமேல் வேண்டாம். நீர்வர்ணம் மட்டும் எல்லா இடத்திலும் ஓடட்டும். படத்தை ஒன்றாகப் பிடித்துவைப்பது அதுதான்.

6. தாளைப் பலகையில் ஒட்டி, கோட்டோவியம் இடுதல்

தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் ரேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். நனையும்போது தாள் விரியும், காயும்போது சுருங்கும். ஓரம் பிடிபட்டிருந்தால் காய்ந்ததும் தட்டையாகும். மூலைகளை மட்டும் ஒட்டினால் நடுவில் மேடுபள்ளம் எழுந்து வர்ணம் பள்ளத்தில் தேங்கும்.

கோட்டோவியத்தை வேறு சாதாரணத் தாளில் வரைந்து திருத்திய பின்தான் நல்ல தாளுக்கு மாற்ற வேண்டும். சாதாரணத் தாளின் பின்பக்கம் பென்சிலால் தேய்த்து, நல்ல தாளின்மேல் வைத்து, கோட்டின்மீது மீண்டும் வரைந்தால் மெல்லிய பதிவு விழும். இந்தச் சுற்றுவழி எதற்கு? அழித்து அழித்து வரைந்தால் நீர்வர்ணத் தாளின் மேல்பசை போய்விடும். அந்த இடத்தில் வர்ணம் உறிஞ்சப்பட்டுக் கறைபோல் நிற்கும். பூசியபின் அதை எடுக்க வழியே இல்லை.

பேணியின் வாய்வட்டத்தில்தான் எல்லோரும் தடுக்குகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும் வட்டத்தின் இரு முனையும் ஒருபோதும் கூராக இருக்காது. மிகச் சிறிய வளைவாகத் திரும்பும். அடிப்பக்க வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாக வளைய வேண்டும், ஏனெனில் அது கண்மட்டத்திலிருந்து கூடுதல் கீழே இருக்கிறது. அடியை நேர்கோடாக இழுத்தால் பேணி வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். நடுவே மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று போட்டு இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பேணியின் உயரத்தில் மாம்பழத்தின் நீளம் எத்தனை பங்கு என்று அளவெடுங்கள். முழங்கை மடியக்கூடாது, மடிந்தால் ஒவ்வொரு அளவும் வேறாகும்.

7. முதலில் ஒட்டு வேலை

நீர் தொடுவதற்கு முன் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டி முடிக்க வேண்டும். வர்ணம் பூசிய பின் ஒட்டினால் பசையின் ஈரம் கீழுள்ள வர்ணத்தைக் கலக்கிவிடும்.

கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு மெலிந்து போவதால் தாளோடு கலந்துவிடும். எழுத்துகள் தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ இருக்கட்டும். நேராக இருந்தால் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டுச் செய்தி வாசிக்கத் தொடங்குவார். மரண அறிவித்தல் பக்கத்தையும் முகங்கள் உள்ள படங்களையும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் அந்தப் பக்கத்தில் கண் பட்டால் ஊரும் பேரும் பாராமல் யாரும் நகர மாட்டார்கள்.

இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு நீர் சேர்த்து, துண்டின் பின்பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்துங்கள். மேலே வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசையின்மேல் நீர்வர்ணம் பிடிக்காது. பளபளப்பான திட்டு ஒன்று கடைசிவரை உறுத்தும். பத்திரிகைத் தாள் வெளிச்சத்தில் மஞ்சளாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது பிடிக்காதவர்கள் வேண்டிய பக்கத்தை நல்ல தாளில் பிரதி எடுத்து ஒட்டலாம். அப்போதும் ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள். சில அச்சு மைகள் கரையும்.

மேலே சுத்தமான தாள் வைத்து, அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள்.

8. மெழுகு, பின்பு நீர்வர்ணம்

மெழுகுதிரியின் விளிம்பால் பெட்டியில் வெளிச்சம் படும் ஓலைக் கீற்றுகளை மட்டும் வரையுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நீர் நிற்காது, தாளின் வெண்மை அப்படியே தங்கும். வெள்ளையில் வெள்ளை போடுவதால் எங்கே போட்டோம் என்று தெரியாது. தாளைச் சரித்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் மினுங்கும். இதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால் குறைவாகப் போடுங்கள். பின்னலின் ஒவ்வொரு கீற்றையும் வரைய வேண்டாம். ஒளி விழும் தோள்ப்பகுதியில் சில கோடுகள் போதும்.

நீர்வர்ணம் வெளிச்சத்திலிருந்து இருளை நோக்கிப் போகும். முதற் பூச்சு மிக மெல்லியது: மாம்பழத்துக்கு எலுமிச்சை மஞ்சள், பேணிக்கும் பெட்டிக்கும் நீர்த்த மஞ்சட் காவி, பின்னணிக்கும் மேசைக்கும் நீர்த்த சாம்பல். பேணியின் ஒளிப்புள்ளியை மட்டும் தாளாகவே விட்டுவிடுங்கள்.

மாம்பழத்தை முதலில் முடியுங்கள், ஏனென்றால் உங்களுக்காகக் காத்திருக்காத பொருள் அது ஒன்றுதான். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே காம்படிப் பக்கம் பச்சையைத் தொட்டுவிடுங்கள். அது தானாகப் பரவும். பரவும்போது தூரிகையால் திருத்தாதீர்கள். பாதி காய்ந்த பூச்சில் ஈரத்தூரிகை பட்டால் ஓரம் பூப்போல் விரிந்து கறையாகும். நிழற்பக்கத்துக்கு மஞ்சளோடு மிகச் சிறிதளவு ஊதா சேருங்கள். கறுப்புச் சேர்த்த மஞ்சள் பாசி நிறமாகிப் பழம் அழுகியதுபோல் தோன்றும்.

பேணியில் எதிர்மாறாக நடக்க வேண்டும். பித்தளையின் நிறமாற்றங்கள் கூரான விளிம்போடு இருக்கும். வயிற்றுப் பகுதியை உற்றுப் பாருங்கள்: மிக இருண்ட பட்டை பெரும்பாலும் ஒளிப்புள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்கும், ஓரத்தில் மேசையின் வெளிச்சம் திரும்பி மெல்லிய கீற்றாகத் தெரியும், மாம்பழத்தின் மஞ்சள் ஒரு வளைந்த துண்டாகக் கீழ்ப்பக்கம் கிடக்கும். இந்த மூன்றையும் அவற்றின் வடிவங்களாகவே வரையுங்கள். விளிம்பிலிருந்து நடுவுக்குப் படிப்படியாக வெளுக்கச் செய்தால் மண்பானைதான் வரும்.

ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை மெல்லத் தாளில் வையுங்கள். குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் காலத்தில் அகலமான பூச்சின் ஒரு முனை முடிவதற்குள் மறுமுனை காய்ந்து கோடு விழும். மின்விசிறியை நிறுத்தி, காற்று வரும் யன்னலைச் சாத்தி, அந்தப் பகுதியைச் சுத்த நீரால் முதலில் நனைத்துவிட்டு வர்ணம் போடுங்கள். மாரியில் இதற்கு எதிர்த் தொல்லை; ஒரு பூச்சுக் காய அரை நாள் எடுக்கும். அவசரப்பட்டுத் தலைமுடி காயவைக்கும் கருவியைப் பிடிக்காதீர்கள். மெழுகு உருகித் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க்கறை விடும்.

மூன்று பூச்சில் நிறுத்துங்கள். நான்காவதிலிருந்து நிறம் சேறாகத் தொடங்கும். இன்னும் இருள் வேண்டிய இடங்களை மைக்கும் கரிக்கும் விட்டுவைக்கலாம்.

9. மை

நீர்வர்ணம் முழுதாகக் காய்ந்த மறுநாள் மையை எடுங்கள். ஈரத்தில் மை சிலந்திக்கால்போல் ஓடும்.

ஈர்க்கின் நுனியைச் சரிவாகச் சீவி மையில் தோய்த்து வரையுங்கள். அது மையைச் சமமாகப் பிடிக்காது. கோடு தொடக்கத்தில் தடித்து, போகப்போக மெலிந்து, முடிவில் உலர்ந்து உடையும். ஓலைப் பின்னலின் கோடும் அப்படியேதான் இருக்கிறது. பேனையால் இழுத்த ஒரே தடிப்புக் கோடு பெட்டியைக் கம்பிக்கூடாக்கிவிடும். முதல் சொட்டைத் துண்டுத் தாளில் தட்டிவிட்டுத்தான் படத்துக்கு வர வேண்டும்.

எல்லாப் பொருளையும் மையால் சுற்றி வளைப்பது மிகப் பரவலான தவறு. மாம்பழத்தின் விளிம்பில் மை வேண்டவே வேண்டாம். பேணியில் வாயின் உட்புற இருள், மூக்கு உடலோடு சேரும் மடிப்பு, அடிக்கோடு, இவ்வளவே. பெட்டியில் நிழற்பக்கம் மட்டும். ஒளிப்பக்கத்தை மெழுகு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

தூரிகையில் இந்தியன் மை பட்டால் உடனே கழுவுங்கள். காய்ந்துவிட்டால் மயிர் இறுகி, அந்தத் தூரிகை பிறகு பயன்படாது.

10. போஸ்டர் வெள்ளையால் திருத்தம்

நீர்வர்ணத்தில் மறைந்துபோன ஒளி விளிம்புகளை இப்போது மீட்கலாம். தயிர் பதத்தில் கரைத்து ஒரே தடவையில் வையுங்கள். மீண்டும் தேய்த்தால் கீழ்நிறம் கரைந்து வெள்ளை அழுக்காகும். இரண்டு மூன்று இடத்துக்குமேல் தேவைப்பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், படம் அதைத் தாங்கும்.

11. கரி, அதன்பின் எண்ணெய்ப் பஸ்டல்

இந்த இரண்டின் வரிசையும் மாறக்கூடாது. பஸ்டலின் எண்ணெய்ப் பரப்பில் கரி பிடிக்காது, வழுக்கும். கரி பட்ட கையோடு பஸ்டலைத் தொட்டால் மஞ்சள் சாம்பலாகிவிடும். எனவே கரியை முடித்து, கை கழுவி, பிறகு பஸ்டல் பெட்டியைத் திறவுங்கள்.

மேசை நிழலில் பொருள் மேசையைத் தொடும் இடம்தான் மிக இருண்டது. அங்கிருந்து விலக விலக வெளுக்கும், விளிம்பும் மென்மையாகும். கரியை அங்கே மட்டும் அழுத்தி, பழைய பருத்தித் துணியால் வெளிநோக்கித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் தோலின் எண்ணெய் தாளில் ஏறித் திட்டாகும். தேய்த்தபின், கரித்தூள் உதிராமல் நிலைநிறுத்தும் தெளிப்பானை ஒன்றரை அடி தள்ளி நின்று, திறந்தவெளியில், மெல்லியதாக இரு முறை அடியுங்கள். தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான் மலிவாகக் கிடைக்கும். காலம் போகப்போக அது மஞ்சளாகும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. தெளிப்பான் இல்லாவிட்டால் மிகுதித் தூளை ஊதிவிட்டு, அந்தப் பகுதியை இனித் தொடாமல் விடுங்கள்.

எண்ணெய்ப் பஸ்டல் நம் வெயிலில் இளகிக் குழையும். பெட்டியோடு பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டிக் குளிர்ந்த நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தெடுத்தால் கூரான கோடு விழும். மாம்பழத்தின் ஒளிப்பக்கத்தில் வெளிர் மஞ்சளை அழுத்தாமல் இழுத்துவிடுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் பஸ்டல் பிடித்து, பள்ளங்களில் கீழுள்ள நீர்வர்ணம் எட்டிப் பார்க்கும். பழத்தோலின் சிறு புள்ளிகள் அதிலேயே கிடைத்துவிடும். அழுத்தித் தேய்த்து மூடினால் இத்தனை நாள் போட்ட கீழடுக்கு வீணாகும்.

கடைசி வேலை பேணியின் ஒளிப்புள்ளி. வெள்ளைப் பஸ்டலின் உடைந்த விளிம்பால் ஒரே அழுத்து. மூக்கின் நுனியிலும் சிறிதாக ஒன்று வைக்கலாம், ஆனால் முதலாவதைவிட மங்கலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் மின்னினால் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலையும்.

பத்து அடி தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். கண்ணாடியிலும் பிடித்துப் பாருங்கள். இடம் வலம் மாறும்போது பேணியின் சரிவு உடனே தெரியும். திருத்தம் தேவையென்றால் இனிப் பஸ்டலால் மட்டுமே செய்யலாம். இந்தக் கட்டத்தில் மீண்டும் நீர்த்தூரிகையை எடுப்பவர்கள் பலர். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

12. கழற்றுதலும் பாதுகாத்தலும்

ரேப்பைத் தாளுக்கு வெளிப்புறமாக, தாளோடு ஒட்டிய தாழ்ந்த கோணத்தில், மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் தாள் உரியும். வெப்பமான அறையில் நாள்கணக்கில் ஒட்டியிருந்த ரேப் இறுகிப் பிடித்திருக்கும். வராத இடத்தைக் கட்டாயப்படுத்தாமல் அலகால் வெட்டிவிடலாம்.

எண்ணெய்ப் பஸ்டல் எத்தனை நாளானாலும் முழுதாக இறுகாது. சட்டமிடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் தடித்த அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தேவையில்லை என்று சொன்னாலும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டிய பஸ்டலைப் பிறகு பிரிக்க முடியாது. சட்டமிடாமல் வைப்பதென்றால் மேலே பட்டர் தாள் போட்டு, இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். சுருட்ட வேண்டாம், பஸ்டல் வெடித்து உதிரும்.

மாரியில் ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். தாளின் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால் பின்னால் காற்றோடும்.